பாட்டும் பந்தியும்: நெல்லைச் சீமையின் பழைய பள்ளிகளைத் தேடி

திங்கள், நெல்லை சந்திப்பு

ஒரு பழைய பள்ளியைப் பார்க்க வேண்டுமென்றால் காலை வழிபாட்டு நேரத்தில் போக வேண்டும். ஆசிரியர் வேலையில் இருந்த நாளிலிருந்து எனக்கு இந்த எண்ணம் உண்டு. கட்டடத்தை எந்த நேரத்திலும் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வரிசையில் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் ஒரு பள்ளியின் குணம் வெளியே தெரியும். அதனால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டு, முதல் மணி அடிப்பதற்கு முன்பே ம.தி.தா. இந்துக் கல்லூரி மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். ம.தி.தா. என்பது மதுரை திரவியம் தாயுமானவர். ஊரில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ‘மதிதா’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கியது. அரசு விதித்திருக்கும் 55 விநாடி. முன்வரிசைச் சின்னப் பையன்கள் வேகமாக முடித்துவிடப் பார்க்க, பின்வரிசைப் பெரிய பையன்கள் குரலைத் தாழ்த்திப் பாடினார்கள். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். ஆனால் இந்த மைதானத்தில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் இருக்கிறது.

இந்தப் பாட்டை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை 1877ல் திருநெல்வேலிக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 22. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் படித்து முடித்திருந்த அந்த இளைஞரை இங்கிருந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஏற்க அழைத்தார்கள். அந்தப் பள்ளிதான் 1878ல் இந்துக் கல்லூரியாக உயர்ந்தது. அதற்காக முன்நின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் திருவனந்தபுரத்துக்கே திரும்பிப் போய்த் தத்துவப் பேராசிரியர் ஆனார். 1891ல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் இருக்கும் வாழ்த்திலிருந்து எடுத்த வரிகளைத்தான் 1970ல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலும் ஆயிற்று. இன்று தமிழ்நாட்டில் எந்த மூலையில் பள்ளி மணி அடித்தாலும் ஒலிக்கிற பாட்டு, இந்த நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் தலைமை வகித்தவர் எழுதியது. இந்தப் பள்ளிக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு எதற்கு?

வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்ததும், என்னை அழைத்துப் போன ஆசிரியர் ஒரு எட்டாம் வகுப்புப் பையனை நிறுத்தினார். “இப்ப பாடுனியள்லா, அத எழுதுன ஐயா யாருடே?” என்றார். பையன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “நம்ம பழைய ஹெட்மாஸ்டர் சார்” என்றான். பெயர் கேட்டபோது அதையும் சொன்னான். ஆனால் முதலில் வந்த பதில் அதுதான். அவனுக்கு அவர் பாடப்புத்தகத்துப் புலவர் இல்லை, பள்ளி ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

பாரதி இங்கே 1894 முதல் 1897 வரை படித்தார். அவர் படித்த வகுப்பறை என்று ஓர் அறையை அடையாளம் வைத்துப் போற்றுகிறார்கள். நான் அதன் வாசலில் நின்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் பாரதிக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. தன் வரலாற்றைப் பாட்டாக எழுதியபோது, தன்னை நெல்லைக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி கற்கவைத்த தந்தையை நினைத்து வருந்தியிருக்கிறார். அப்பாவுக்கு ஆயிரம் செலவு, எனக்குத் தீமை பல ஆயிரம் என்பது அதன் சாரம். கம்பனையும் காளிதாசனையும் தெரியாமல் பன்னிரண்டு ஆண்டு கணக்குப் போட்டு என்ன பயன் என்கிற அளவுக்குக் கொதிக்கிறார். எட்டயபுர அரண்மனையில் சின்ன வயதிலேயே புலவர்கள் நடுவில் உட்கார்ந்து ‘பாரதி’ பட்டம் வாங்கிய பையனுக்கு, தமிழை ஓரத்தில் வைத்துவிட்டு நடந்த அந்தக் காலப் பாடமுறை எவ்வளவு கசந்திருக்கும்!

அதைச் சொன்னேன். ஆசிரியர் வருத்தப்படவில்லை. “அந்தப் பாட்டையும் நாங்க பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்யுதோம் சார். பள்ளிக்கூடத்தத் திட்டுனாலும் அவரு நம்ம பையன்லா” என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. படித்தவர் புகழ்ந்ததை மட்டும் சுவரில் எழுதிவைக்கும் பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறை சொன்னதையும் பாடமாக வைப்பதற்கு வேறு தைரியம் வேண்டும்.

வ.உ.சி.யும் இங்கே படித்தவர். 2021ல் அவருடைய 150ஆவது பிறந்த ஆண்டில், இருவரும் படித்த பள்ளி என்று சொல்லியே அரசு இங்கே புதிய வகுப்பறைகளும் கலையரங்கமும் கட்டுவதாக அறிவித்தது. 1908 மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தாக்குதலுக்கு ஆளாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அன்றைக்குத் தெருவில் இறங்கிய மாணவர்களின் பெயர்களை யாரும் சுவரில் எழுதிவைக்கவில்லை. எந்த வகுப்பில் அன்று எத்தனை பெஞ்சு காலியாகக் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சந்திப்புக்கு நடந்தேன்.

செவ்வாய், பாளையங்கோட்டை

சந்திப்பிலிருந்து பாளைக்குப் போகச் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்ட வேண்டும். 1843ல் திறந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர்ந்த வேலையில் இருந்த சுலோசன முதலியார் ஊரார் படும் அவதி பொறுக்காமல் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். அதற்கு முன் தாமிரபரணியில் தண்ணீர் பெருகிவிட்டால் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். இக்கரையில் வீடும் அக்கரையில் பள்ளியும் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பாளையின் கல்வி வரலாற்றில் இந்தப் பாலத்துக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

பாளையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பது வழக்கம். பேருந்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தால் காரணம் புரியும். ஒரு பள்ளியின் மதில் முடியும் இடத்தில் அடுத்த பள்ளியின் மதில் தொடங்குகிறது. நான் தொடங்கியது பாப்பாத்தியம்மாள் கோயிலில். குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பிராமண விதவை கட்டிய சிறிய ஆலயம், 1785ல் கட்டியது. அதோடு ஒரு சின்னப் பள்ளியையும் அந்த அம்மாள் நடத்தினார். உடன்கட்டைக்குத் தப்பி, சொந்தச் சமூகம் கைவிட்டு, வேற்றூரில் வந்து நின்ற ஒரு பெண் முதலில் நினைத்தது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத்தான். பாளையின் மற்றப் பள்ளிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820ல் வந்தார். ஊசிக்கோபுரம் என்று ஊரார் சொல்லும் திரித்துவ ஆலயம் 1826ல் எழுந்தது. அவர் தமிழுக்கு இலக்கணம் எழுதினார், ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், பெண்பிள்ளைகளைப் படிக்க அழைத்தார். 1838ல் இங்கேயே இறந்தார், கல்லறையும் இங்கேதான். சேவியர் பள்ளி, ஜான்ஸ் பள்ளி எல்லாவற்றையும் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவற்றைப் பற்றி அங்கே படித்தவர்களே நிறைய எழுதிவிட்டார்கள்.

என்னை நிறுத்தியது சாரா டக்கர். அந்தப் பெண் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. இங்கிலாந்தில் உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்தவர். சென்னையில் மிஷன் வேலையில் இருந்த அண்ணன் ஜான் டக்கர் எழுதிய கடிதங்களின் வழியாகத்தான் இங்குள்ள பெண்களுக்குப் படிப்பு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டார். பணம் திரட்டினார், மற்றவர்களைத் திரட்டச் சொன்னார், 1857ல் இறந்துபோனார். அவர் நினைவாகப் பாளையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வளர்ந்தது, 1895ல் கல்லூரியும் வந்தது. நெல்லைச் சீமையின் கிராமங்களில் முதல் தலைமுறைப் ‘டீச்சரம்மா’க்கள் பலர் இந்த வளாகத்தில் பயிற்சி பெற்றுப் போனவர்கள். என் தாயார் படித்த ஆரம்பப் பள்ளியின் டீச்சரம்மாவும் பாளையில் படித்துவிட்டு எங்கள் பக்கம் வேலைக்கு வந்தவர்தான். வெள்ளைச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, கையில் குடை. பெயர் தெரியாத ஊரிலிருந்து ஒரு நோயாளிப் பெண் அனுப்பிய காசு எங்கள் வீட்டு முற்றம் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இன்று அந்த வாசலில் நின்றபோதுதான் கணக்குப் பார்த்தேன்.

மாலையில் நண்பர் வீட்டுத் திண்ணையில், காதுகேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரைச் சந்தித்தேன். பாளையில் அந்தப் பிள்ளைகளுக்கான பள்ளி ஃபிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. பார்வையற்றோர் பள்ளியும் ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்க்வித் அம்மையாரால் வந்தது. “காலைல எங்க பிள்ளைகளும் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவாங்க சார்” என்றார் டீச்சர். கையை விரித்துக் கடலைக் காட்டினார், பிறகு விரலைக் குவித்து நெற்றிக்குப் பொட்டு வைத்தார். முழுப் பாட்டையும் அப்படியே செய்துகாட்டினார். நாங்கள் யாரும் உட்காரவில்லை. மாநிலப் பாடல் ஒலித்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. அன்று அந்தத் திண்ணையில் ஒலி இல்லை, ஆனாலும் எழுந்துதான் நின்றோம்.

புதன், சேர்மாதேவி

செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினேன். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். ஆற்றங்கரையில் கோடகநல்லூர் இருக்கிறது. சுந்தரம் பிள்ளை நெல்லையில் இருந்த நாளில் குருவாக ஏற்றுக்கொண்ட சுந்தர சுவாமிகள் அந்த ஊர்ப் பெயரால் அறியப்பட்டவர். ரயிலில் போகும்போது அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

இன்று நான் பார்க்க வந்த பள்ளி இப்போது இல்லை. அதைப் பார்க்காமல் நெல்லையின் பள்ளி வரலாற்றைச் சொல்வது சரியாக இருக்காது.

வ.வே.சு. ஐயர் லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகித் திரும்பியவர். புதுச்சேரியில் பாரதியோடும் அரவிந்தரோடும் இருந்தவர். குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சிறையிலிருந்து வெளியே வந்ததும் 1922ல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கி, பிறகு சேர்மாதேவிக்கு மாற்றினார். அரசாங்கப் படிப்புக்கு மாற்றாக, தமிழும் கைத்தொழிலும் உழவும் நாட்டுப்பற்றும் சேர்ந்த கல்வி தர வேண்டும் என்பது திட்டம். பாரதி மதிதாவில் பட்ட கசப்புக்கு மருந்து தேடிய பள்ளி என்றே இதை நான் நினைக்கிறேன். காங்கிரஸ் பணம் தந்தது. சாதி பாராமல் எல்லாரும் நன்கொடை தந்தார்கள்.

அங்கே பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டதால் ஒப்புக்கொண்டேன் என்றார் ஐயர். விஷயம் வெளியே வந்ததும் தமிழ்நாடே பற்றிக்கொண்டது. வரதராஜுலு நாயுடு பத்திரிகையில் எழுதினார். அன்று காங்கிரஸில் பெரிய பொறுப்பில் இருந்த பெரியார் பணத்தை நிறுத்தினார். எல்லார் காசிலும் நடக்கும் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது கேள்வி. இரண்டு பையன்கள்தானே என்று ஒரு தரப்பு. இரண்டு பேரானாலும் தனிப்பந்தி தனிப்பந்திதான் என்று மறு தரப்பு. நான் இரண்டாம் தரப்பு. எத்தனை முறை படித்தாலும், ஐயரின் அறிவையும் தியாகத்தையும் எவ்வளவு மதித்தாலும், அந்த இடத்தில் அவர் உறுதியாக நின்றிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்துப் பையன் எழுந்து வேறு அறைக்குச் சாப்பிடப் போவதைத் தினமும் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு நீங்கள் எந்த தேசபக்திப் பாடத்தை நடத்துவீர்கள்?

1925ல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் 3ஆம் தேதி பாபநாசத்தில் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை தண்ணீரில் விழ, காப்பாற்றக் குதித்து அவரும் மாண்டார். 44 வயது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் பாதையைத் திருப்பியதில் இந்தச் சிற்றூர்ச் சாப்பாட்டுப் பந்திக்கும் பங்குண்டு.

இதே சேர்மாதேவியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் காமராசரின் கார் நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். “சோறு யாரு போடுவா?” என்றானாம் பையன். நான் விசாரித்த டீக்கடை அண்ணாச்சி, தன் அப்பா சொல்லக் கேட்டதாக அதையே சொன்னார். “அந்தப் பையன் யாருன்னு யாருக்கும் தெரியாது. ஊர்ல பாதிப்பேரு எங்க தாத்தாதான்னு சொல்லுவாவ” என்று சிரித்தார். கதை நடந்தபடியே இருக்கட்டும், இல்லாவிட்டாலும் போகட்டும். பந்திக்காகச் சண்டை நடந்த ஊரின் பேரிலேயே மதிய உணவின் கதையையும் ஜனங்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கித் தீர்த்தபதி பள்ளியின் முன்னால் சிறிது நேரம் நின்றேன். சிங்கம்பட்டி ஜமீன் பெயரைச் சுமக்கும் பள்ளி. பள்ளி விடும் நேரம், தெரு முழுக்க சைக்கிள். கல்யாண தீர்த்தத்துக்குப் போக மனம் வரவில்லை.

வியாழன், இடையன்குடி

திசையன்விளை வழியாகப் போனேன். தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் வெயிலும். 1838ல் சென்னை வந்த கால்டுவெல், தமிழ் படித்துக்கொண்டு, நடந்தே தெற்கே வந்து 1841ல் இங்கே குடியேறினார். அரை நூற்றாண்டு இந்த மணலில் வாழ்ந்தார். கிணறு தோண்டினார், தெருவை நேராக்கினார். 1847ல் தொடங்கிய கோயிலை 1880ல்தான் முடித்தார். 33 ஆண்டு! அதற்குள் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ல் வெளிவந்துவிட்டது, திருநெல்வேலிச் சரித்திரம் 1881ல் வந்தது. 1891ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். இந்த மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் ஒன்று அவர்களைப் புண்படுத்தி, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபப்பட்டு மறுப்பு எழுதியவர்களில் மிஷன் பள்ளிகளில் படித்து வந்தவர்களும் இருந்தார்கள். பள்ளி சரியாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

அவர் வீடு இப்போது அரசின் நினைவு இல்லம். எனக்கு அங்கே அவர் மனைவி எலைசா அம்மையாரைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை. தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்த அவர் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பின்னல் வேலையின் காசு பெண்களின் கையில் நேராகப் போய்ச் சேர்ந்தது. படிக்க அனுப்பினால் வீட்டு வேலை கெடும் என்று சொன்ன வீடுகள், பெண் கையில் காசு வந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தன.

இந்தப் பக்கத்துக் கோயில்களில் அசனப் பண்டிகை என்று ஒன்று உண்டு. ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நாள். வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் கொடுப்பார்கள். பெரிய வட்டாவில் குழம்பு கொதிக்கும். “அன்னைக்கு யாரு பக்கத்துல யாரு இருந்தா என்னங்க, எல போட்டா உக்கார வேண்டியதுதான்” என்றார் கோயில் வாசலில் இருந்த பெரியவர். நேற்று சேர்மாதேவியில் இருந்துவிட்டு வந்த எனக்கு அவர் சாதாரணமாகச் சொன்னது பெரிய விஷயமாகப் பட்டது.

சாயர்புரம் போக நேரம் இல்லை. ஜி.யு. போப் அங்கே 1840களில் பள்ளி நடத்தினார், மிகக் கண்டிப்பானவர். குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரின் தமிழ் இந்தத் தேரிக்காட்டில்தான் ஊறியது. இன்னொரு முறை.

வெள்ளி, எட்டயபுரம்

கோவில்பட்டி வந்து பஸ் மாறினேன். கரிசல் தொடங்கிவிட்டது. எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டம். ஆனால் 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான்.

பாரதி பிறந்த வீட்டையும் 1947ல் திறந்த மணிமண்டபத்தையும் காலையிலேயே பார்த்துவிட்டேன். எல்லாரும் பார்ப்பவை, நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் செலவுக்கு உதவி கேட்டு எட்டயபுரம் அரசருக்கு 1897ல் பாரதி பாட்டாகவே ஒரு விண்ணப்பம் எழுதினார் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. படிப்பு பிடிக்காமலும் இருந்திருக்கிறது, அதை விடவும் முடியவில்லை. பதினான்கு வயதுப் பையன் காசுக்காகப் பாட்டு எழுத வேண்டியிருந்திருக்கிறது. அடுத்த ஆண்டு அப்பா இறந்தார், பையன் காசிக்குப் போனான்.

நான் வந்தது மதிய உணவுக்காக. காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது 1956ல் இதே எட்டயபுரத்தில். பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன்பும் இருந்தது. நீதிக்கட்சிக் காலத்தில், 1920ல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது முன்னோடி. ஆனால் மாநிலம் முழுக்கப் பரப்பியது காமராசர். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு ஊர் ஊராக அலைந்தார். அரசாங்கம் கொஞ்சம், ஊரார் கொஞ்சம் என்றுதான் திட்டம். மிராசுதார் மூட்டையாகக் கொடுத்தார், கூலிக்காரர் பிடி அரிசி கொடுத்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், பிறகு முட்டை வந்தது, 2022ல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது.

அனுமதி வாங்கி ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். சமையல் அக்கா முட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி” என்றார். பிள்ளைகளுக்கு வைத்ததை நான் எப்படிச் சாப்பிடுவது, மறுத்துவிட்டேன். மணி அடித்தது. தட்டோடு ஓடிவந்தவர்கள் தாழ்வாரத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். சாம்பார் சாதம், முட்டை. ஒருவன் மஞ்சள் கருவை அடுத்தவன் தட்டில் போட்டுவிட்டு அவனுடைய வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டான். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தினமும் நடக்கும் வியாபாரம் போலிருக்கிறது. 1925ல் தமிழ்நாடு முழுக்க வாதாடிய விஷயம் இந்தத் தாழ்வாரத்தில் கேள்வியாகவே இல்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சமையல் செய்கிறவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த செய்திகள் இன்னும் வருகின்றன. அதனால்தான் இந்தக் காட்சியை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அங்கிருந்த வயதான ஆசிரியரிடம், ஆரம்ப நாட்களில் இந்த ஊரில் அரிசி கொடுத்தவர்களின் பட்டியல் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். நோட்டுகள் இருந்தன, கரையான் அரித்துவிட்டது என்றார். தன் அம்மா வாரம் ஒரு படி கேழ்வரகு கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறதாம். அரிசி இல்லாத வீடு, இருந்ததைக் கொடுத்திருக்கிறது.

பள்ளிக்குப் பேரும் புகழும் தந்த மாணவர்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. இருக்கட்டும், வேண்டும். ஆனால் அந்த நோட்டுகளும் பள்ளி வரலாறுதான். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1956க்குப் பிந்தைய ஆண்டுகளில் உங்கள் ஊர்ப் பள்ளி அடுப்புக்கு அரிசி, விறகு, காய்கறி கொடுத்தவர்கள் யார் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். பீரோவிலோ பள்ளி அலமாரியிலோ பழைய நோட்டு கிடந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள். பெயர், கொடுத்த பொருள், அளவு, இந்த மூன்றும் இருந்தால் போதும். நான் திங்கட்கிழமை ஊர் திரும்பியதும் எங்கள் பள்ளியின் அலமாரியைத் திறந்து பார்க்கப்போகிறேன், சாவி இன்னும் பழைய கிளார்க் வீட்டில்தான் இருக்கிறதாம்.